வாடாமல்லி வந்த வழி: பீர்மேட்டு மலர்களும் தமிழ்க் குடும்பங்களும்

தமிழர் வாழ்வை மலரின்றி எண்ணிப் பார்த்தல் அரிது. வாழும் நிலத்திற்கே மலரின் பெயரைச் சூட்டிய இனம் நம்முடையது. ஆநிரை கவரச் சென்றவன் வெட்சி சூடினான். வென்று மீண்டவன் வாகை சூடினான். மலைவளம் பாடப் புகுந்த கபிலர், குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் காட்டினார். பூவின் பெயரறிந்து, பருவமறிந்து, நிலமறிந்து வாழ்ந்த மக்களின் அறிவுச் செல்வம் அப்பாட்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மலர் குறிஞ்சி. நீலக்குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை பூப்பது. மூணாற்று மலைகளில் 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் அது பூத்ததைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். அதே மலைத்தொடரில், பீர்மேட்டின் தேயிலைத் தோட்டங்களில், வேறொரு மலர்க்கூட்டமும் உண்டு. ஆண்டுதோறும் விதைத்தால் ஆண்டுதோறும் பூத்து, ஓராண்டுக்குள் தன் வாழ்வை முடித்துக்கொள்ளும் செடிகள் அவை. வாடாமல்லி, கோழிக்கொண்டை, செண்டுமல்லி என அவற்றை நாம் அழைக்கிறோம். புலவர் பாடாத இம்மலர்கள் எங்கிருந்து வந்தன, யார் கையால் மலையேறின, எவ்வாறு வாடாமல் நின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வரலாறு, பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் சென்ற தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

வாடாமை என்னும் கனவு

மலரின் அழகைப் போற்றிய மனிதன், அது வாடுதலைக் கண்டு வருந்தவும் செய்தான். ஆதலின் வாடாத மலரைத் தேவர்க்கு உரியதாகக் கற்பித்தான். நளன் கதையில் தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் தேவர் நால்வரும் நளனின் உருவெடுத்து அமர்ந்திருந்தனர். அவர்களிடையே உண்மை நளனை அவள் அறிந்த அடையாளங்களுள் ஒன்று, அவன் அணிந்த மாலை வாடியிருந்தமை. வாடுதல் மண்ணுலகின் இயல்பு என்பதே கதையின் உட்பொருள். மண்ணில் வாடாப் பூ வேண்டுமெனின் பொன்னால்தான் செய்தல் வேண்டும். அதனாலன்றோ சங்ககால மன்னர் பாணர்க்குப் பொற்றாமரைப் பூவைப் பரிசளித்தனர்!

மேலை நாட்டாரும் இக்கனவைக் கண்டனர். கிரேக்க மொழியில் வாடாதது என்னும் பொருளுடைய சொல்லே அமராந்தோசு என்பது. அச்சொல்லிலிருந்து தாவர நூலார் ஒரு குடும்பத்திற்கே பெயரிட்டனர். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் வீட்டு அடுப்பில் வேகும் தண்டுக்கீரையும் அரைக்கீரையும் அதே குடும்பத்தன என்பது வியப்புக்குரியது.

இக்குடும்பத்தில் நமக்குத் தொன்மையான உறவு ஒன்றும் உண்டு. பொங்கலுக்கு முன்னாளில் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் பூளைப்பூவே அது. கபிலர் அடுக்கிய மலர்களுள் பூளையும் இடம்பெற்றுள்ளது. வெண்பஞ்சு போன்ற அக்கதிர் கூரை இறவாணத்தில் காய்ந்தும் உதிராமல் தங்கும். ஆகவே, உலர்ந்த பின்னும் உருமாறாத பூவை வீட்டில் கட்டி வைக்கும் வழக்கம், வாடாமல்லி வருவதற்கு முன்னரே தமிழரிடம் இருந்தது எனலாம். புதிதாய் வந்த மலர் நம்மிடையே விரைவில் இடம்பெற்றதற்கு இப்பழக்கமும் ஒரு காரணமாதல் கூடும்.

கடல் கடந்து வந்த மலர்

வாடாமல்லியின் தாயகம் நடு அமெரிக்கா. செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோ. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1500-இல் கப்ரால் என்பார் இந்தியா நோக்கிப் புறப்பட்டு, வழியில் பிரேசில் கரையைத் தொட்டு, பின்னர் மலபாரை வந்தடைந்தார். அமெரிக்கக் கரைக்கும் நம் கரைக்கும் இடையே கடல்வழி இவ்வாறு திறந்தது. அவ்வழியே மிளகாயும் முந்திரியும் அன்னாசியும் பப்பாளியும் பிற்காலத்தில் வந்தன. வயிற்றுக்கு உணவாகும் பயிர்களை வணிகர் கருதிக் கொணர்ந்தனர். மலர்களோ அவற்றின் பின்னே ஓசையின்றி வந்து சேர்ந்தன.

வந்த மலர் எவ்வளவு விரைவில் ஊர்ப்பூ ஆயிற்று என்பதற்குச் சான்றாக ஒரு நூல் உள்ளது. கொச்சியில் ஆட்சி செய்த ஒல்லாந்து ஆளுநர் வான் ரீடு, மலபாரின் மரஞ்செடிகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட பெருநூலை உருவாக்கினார். ஆர்ட்டூசு மலபாரிக்கசு என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் அதற்குத் துணைநின்றனர். அதன் பத்தாம் தொகுதியில் வாடாமல்லி இடம்பெற்றுள்ளது. அங்கு அதற்குத் தரப்பட்ட பெயர் 'வாடாப்பூ' என்பதே. கடல் கடந்து வந்த செடிக்கு அயற்பெயர் ஏதும் ஒட்டவில்லை. கண்டவர் அதன் குணத்தைக் கண்டு, தம் மொழியிலேயே பெயரிட்டுவிட்டனர். இன்றும் தமிழிலும் மலையாளத்திலும் வாடாமல்லி என்னும் பெயர் பொதுவாய் வழங்குகிறது.

1753-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், உலகத் தாவரங்களை வகைப்படுத்தித் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். வாடாமல்லியின் வாழிடம் இந்தியா என்றே அதில் குறித்தார். அதற்குள் அச்செடி இம்மண்ணில் அவ்வளவு ஆழ வேரூன்றிவிட்டது. ஓராண்டுச் செடிகளைக் குறிக்க அவர் ஞாயிற்றின் வடிவக் குறியைப் பயன்படுத்தினார். ஞாயிறு ஒரு சுற்று வருவதற்குள் முளைத்து, பூத்து, வித்திட்டு மறைவன என்பது அதன் பொருள். ஓராண்டே வாழும் ஒரு செடி இரு நூற்றாண்டுகளில் ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றதெனின், ஆண்டுதோறும் அதன் வித்தைக் காத்துவைத்த கைகள் எத்தனையோ!

பீர்மேடும் தமிழரும்

இனி மலைக்கு ஏறுவோம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3000 அடி உயரத்திலுள்ள பீர்மேட்டின் பெயரிலேயே தமிழ்த் தொடர்பு உண்டு. தக்கலையில் அடங்கியுள்ள இசுலாமிய ஞானியும், ஞானப்புகழ்ச்சி முதலிய தமிழ் நூல்களை இயற்றிய புலவருமான பீர் முகம்மது அப்பா இம்மலையில் தங்கித் தவம் புரிந்தார் என்றும், அதனால் இது பீர்மேடு ஆயிற்று என்றும் வழிவழியாகக் கூறுவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் ஐரோப்பியர் இங்குக் காப்பி பயிரிட்டனர். 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் பின்னர் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களையும் தாக்கியது. காப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. காடு திருத்தவும் கொழுந்து கிள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து மக்களைக் கூட்டிச் சென்றனர். கம்பம், கூடலூர் வழியே குமுளிக் கணவாயில் கால்நடையாய் ஏறிய அக்குடும்பங்கள் வண்டிப்பெரியாறு, பாம்பனாறு, ஏலப்பாறை முதலிய இடங்களின் தோட்டங்களில் லயங்களில் குடியமர்த்தப்பட்டன. கடனும் கங்காணியின் பிரம்பும் அவர்களைத் தொடர்ந்தன. தோட்டத் தொழிலாளர்க்கென 1951-இல் சட்டம் வரும் வரையில் குடியிருப்பும் குடிநீரும் மருத்துவமும் துரைமாரின் மனத்தைப் பொறுத்தே அமைந்தன.

லயத்து வீடு தொழிலாளியின் சொந்தமன்று. வேலை போனால் வீடும் போகும். மரம் வைத்தால் அதன் பழத்தை உண்பது யாரோ என்னும் நிலை. தனக்கென நிலமில்லாதவனுக்கு மாமரமும் தென்னையும் பயனில்லை. ஆனால் மூன்று திங்களில் பூத்துவிடும் ஓராண்டுச் செடிக்கு வாயிலோரத்து ஒரு முழ இடம் போதும். அதன் வித்தோ முந்தானை முடிச்சில் அடங்கும். இடம் மாற நேரிட்டாலும் கையோடு கொண்டுபோகலாம். புலம்பெயர்ந்தோர்க்கு மிகவும் பொருந்திய செடி ஓராண்டுச் செடியே என்பதை எண்ணுங்கால் நெஞ்சு நெகிழ்கிறது. துரைமார் பங்களாக்களின் முன்னே சீமை விதைகளால் எழுந்த பூந்தோட்டங்களையும் பாத்தி கட்டி நீரூற்றிப் பேணியவர்கள் தமிழ்த் தோட்டக்காரர்களே. அலங்காரத்திற்காக அங்கே வளர்ந்த மலர், லயத்து வாயிலில் சாமி படத்திற்கும் மாரியம்மன் திருவிழாவிற்கும் பயன்பட்டது.

நீர் இறங்கும், மலர் ஏறும்

பீர்மேட்டின் மலர் வரலாற்றை எழுதப் புகுவோர் நீரின் வரலாற்றை விட்டுவிட இயலாது. பீர்மேடு வட்டத்தில்தான் முல்லைப்பெரியாறு அணை உள்ளது. 1886-இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் ஏற்பட்ட குத்தகை உடன்பாட்டின்படி, பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் உழைப்பால் எழுந்த அவ்வணை 1895-இல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரின் ஒரு பகுதி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வையையில் கலக்கலாயிற்று.

மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கிழக்குச் சரிவோ மழைமறைவுப் பகுதி. ஓணம் வரும் ஆவணித் திங்களில் பீர்மேட்டில் திறந்த பாத்தியில் மலர் வளர்த்தல் அரிது. மொட்டு மழையில் நனைந்து அழுகிவிடும். அதே காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் வெயிலும் உண்டு. பெரியாற்று நீரும், அது ஊறிய கிணற்று நீரும் உண்டு. ஆதலின் சின்னமனூருக்கு அருகேயுள்ள சீலையம்பட்டிப் பூச்சந்தையிலிருந்து செண்டுமல்லியும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் மூட்டை மூட்டையாய்க் குமுளி ஏறி, பீர்மேட்டைக் கடந்து, கோட்டயம் வரை செல்கின்றன. அத்தப்பூக்களத்தின் மஞ்சளும் செம்மஞ்சளும் வாடாமல்லியின் கருஞ்சிவப்பும் பெரும்பாலும் தமிழ்நாட்டு உழவன் விளைத்தவை. மேலிருந்து நீர் இறங்குகிறது. கீழிருந்து மலர் ஏறுகிறது. பீர்மேட்டுத் தமிழன் இவ்விரண்டிற்கும் இடையே நின்று இரண்டையும் தனதென்று கருதுகிறான்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. மலர்ச்சந்தைக்குப் பெயர்பெற்ற தோவாளை வட்டம் அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. தமிழர் மிகுதியாய் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. அவ்விரு வட்டங்களையும் தாய்த்தமிழகத்தோடு இணைக்கப் போராடியவர்க்கு அது ஆறாத வருத்தம். 1972-இல் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது பீர்மேடு அதன் பகுதியாயிற்று. ஆயினும் கோடு கிழித்தவரின் எழுதுகோல் பூமூட்டையைத் தடுக்கவில்லை. தோவாளைப் பூ திருவனந்தபுரத்திற்கும், சீலையம்பட்டிப் பூ கோட்டயத்திற்கும் சென்றுகொண்டே இருந்தன. சித்திரை முழுநிலவு நாளில் குமுளிக்கு மேலுள்ள மங்கலதேவி மலையில் கண்ணகி கோயிலுக்கு இருபுறத்து மக்களும் ஏறி வழிபடுகின்றனர். 2020-இல் பெருந்தொற்றால் எல்லைப் போக்குவரத்து ஒடுங்கியபோது ஓணச் சந்தையில் பூ அருகிற்று. ஒருவர் விழாவிற்கு மற்றவர் வயல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவ்வாண்டு உணர்த்தியது. அண்மை ஆண்டுகளில் கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் ஓணத்திற்கெனச் செண்டுமல்லியும் வாடாமல்லியும் பயிரிட்டு வருகின்றன. வித்து எங்குச் சென்றாலும் முளைக்கும். அதனை யாரும் தமக்கே உரியதென்று பூட்டிவைத்தல் இயலாது.

வாடாமையின் நுட்பம்

வாடாமல்லி ஏன் வாடுவதில்லை? நாம் பூவென்று கருதும் அவ்வுருண்டை பல நூறு சிற்றிதழ்களின் தொகுதி. உண்மையான பூக்கள் மிகச் சிறியனவாய் அவற்றினிடையே மறைந்துள்ளன. நிறம் காட்டுபவை பூவடிச் செதில்களே. ரோசாவின் இதழ் நீரால் நிறைந்தது. நீர் வற்றினால் சுருங்கிவிடும். வாடாமல்லியின் செதிலோ பிறக்கும்போதே தாள்போல் உலர்ந்தது; இழப்பதற்கு அதனிடம் நீர் மிகுதியாக இல்லை. அதன் நிறப்பொருளும் பீட்ரூட் கிழங்கிலுள்ள வகையைச் சேர்ந்தது. பட்டுக்கடைகளில் வாடாமல்லிக் கலர் என்று கேட்டுப் பெண்கள் சேலை வாங்குவது அந்நிறத்தின் பெருமையன்றோ!

வாடாப் பூவையும் முறையறிந்து உலர்த்த வேண்டும். உருண்டை முழுதும் நிறம் ஏறிய பின், பனி காய்ந்த முற்பகலில், நீண்ட காம்போடு அறுத்தெடுக்க வேண்டும். இலைகளை நீக்கி, பத்துப் பதினைந்து காம்புகளாய்க் கட்டி, தலைகீழாய்த் தொங்கவிட வேண்டும். நிமிர்த்தி வைத்தால் காம்பு வளைந்துபோகும். நேர்வெயில் நிறத்தை வெளுக்கச் செய்யும். காற்றோட்டமுள்ள நிழலே ஏற்றது. இரண்டு மூன்று வாரங்களில் பூ உலர்ந்துவிடும். மலையில் ஈரக்காற்று மிகுதி. ஆதலின் துலாமழை ஓயும் காலத்தில் விதைத்து, தை மாசியின் காய்ச்சலில் அறுப்பதே பீர்மேட்டுக்கு ஏற்ற முறை. அடுப்படியின் இளஞ்சூடு உலர்த்துதற்கு உதவும். கோழிக்கொண்டையையும் இவ்வாறே உலர்த்தலாம். அதனடியில் ஒரு தாளை விரித்து வைத்தால் பளபளக்கும் கருவிதைகள் உதிர்ந்து சேரும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகள் வாங்கும், வைக்கோல்போல் சலசலக்கும் மலர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதனை முழுதும் விரியுமுன்னரே கொய்தல் வேண்டும். உலரும்போதும் அது விரிந்துகொண்டே போகும்.

இக்கலை இன்று பெருவணிகமாகவும் வளர்ந்துள்ளது. இந்தியாவின் மலர்த்துறை ஏற்றுமதியில் உலர்மலர்களும் உலர்ந்த தாவரப் பகுதிகளும் நெடுங்காலமாகப் பெரும்பங்கு வகித்துள்ளன. அதன் முதன்மையான இடங்களுள் ஒன்று தூத்துக்குடி. மிகுந்த வெயிலும் குறைந்த மழையும் அருகிலேயே துறைமுகமும் வாய்த்தமை அதற்குக் காரணம். அமெரிக்காவில் பிறந்து தமிழகம் வந்த பூவினம், தமிழகத்தில் உலர்ந்து மீண்டும் கடல் கடந்து செல்லும் விந்தையை என்னென்பது!

வித்தைக் காத்தல்

ஓர் உண்மையை மட்டும் கருதிப் பார்த்தல் வேண்டும். உலர்ந்த வாடாமல்லி நிறம் மாறாதிருக்கலாம். ஆனால் அது உயிர்த்திருக்கும் பூவன்று. கண்ணாடிச் சாடியில் அது எத்தனை ஆண்டு இருந்தாலும் மற்றொரு பூவை ஈனாது. அவ்வுருண்டையை உள்ளங்கையில் உதிர்த்து, பஞ்சு பொதிந்த வித்தை ஓரிரவு நீரில் ஊறவைத்து, மண்ணில் தூவினால் மட்டுமே அடுத்த ஆண்டு பூக்கும். நம் பாட்டிமார் பூவை உலர்த்தியது அழகுக்காக மட்டுமன்று. உலர்ந்த பூவே அவர்களின் வித்துப்பை. ஒரே ஓராண்டு மறந்தாலும் அவ்வீட்டில் அச்செடியின் மரபு அற்றுப்போகும்.

2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டுத் தோட்டங்கள் சில மூடப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கூலியின்றி வாடின. இளைஞர் பலர் வேலை தேடி மலையிறங்கினர். முன்னோர் ஏறிய வழியிலேயே பேரர்கள் இறங்கினர். அவர்களுள் பலருக்குப் பள்ளியில் மலையாளம், அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் மட்டும் தமிழ். புலம்பெயர்ந்த தமிழர் எங்கிருப்பினும் இதுவே நிலை. அவ்வீட்டுத் தமிழ், கண்ணாடிச் சாடியிலுள்ள உலர்ந்த பூவாய் விழா நாட்களில் மட்டும் எடுத்துக் காட்டப்படுமோ, அன்றிப் பிள்ளைகள் நாவில் மீண்டும் முளைக்குமோ என்பதே நம்முன் நிற்கும் வினா.

வாடாமல்லியின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது. வந்த இடத்தில் வேரூன்றுவதால் ஒரு மலர் தன் இயல்பை இழப்பதில்லை. கேரளத்து அத்தக்களத்திலும் தமிழகத்து மாலையிலும் அது வாடாமல்லியே. ஆனால் அந்த இயல்பு தானாகவும் தங்குவதில்லை. ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் குனிந்து விதைத்தல் வேண்டும். மொழியும் அத்தகையதே. ஒவ்வொரு தலைமுறையும் தன் மக்கட்குப் பேசியும் பாடியும் கதை சொல்லியும் அதனைப் புதிதாய் விதைத்தல் வேண்டும்.

வரும் ஐப்பசியில் நம் இல்லத்து வாயிலில், வாயில் இல்லையெனின் மாடத்தின் ஒரு தொட்டியில், பிள்ளைகள் கையாலேயே வாடாமல்லி வித்தை விதைப்போமாக. அது முளைக்கும்வரை அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் தமிழிலேயே விடை சொல்வோமாக.